முதல் சிரிப்பு எங்கே வந்தது?

வணக்கம் சார்,

சேலத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டுவிழாவில் நான் எழுதிய குறுநாடகத்தைப் போட்டோம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா, மகன் தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்ததும் டாக்டர், ஜோசியர், பெண் பார்ப்பது என்று அலைகிறார். கேலியெல்லாம் அப்பாவைத்தான். மகனுக்கு 'பிங்கு' என்று பெயர் வைத்து ரோஸ் துப்பட்டா, நெளிந்த நடை கொடுத்தோம். அரங்கமே அதிர்ந்தது, முதல் பரிசும் கிடைத்தது. இப்போது ஹாஸ்டலில் முதலாமாண்டுப் பையன் ஒருவனை எல்லோரும் 'பிங்கு' என்று கூப்பிடுகிறார்கள். அவன் மெஸ் பக்கம் வருவதே குறைந்துவிட்டது. இது பார்த்தவர்கள் தப்பா, என் தப்பா? பெயர் வேண்டாம் சார்.

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய வீடியோவை முழுக்கப் பார்த்தேன். முதல் பெரிய சிரிப்பு எங்கே வருகிறது என்று நீங்களும் பாருங்கள். அப்பா இன்னும் மேடைக்கே வரவில்லை. மகன் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைகிறான், மணிக்கட்டை மடக்குகிறான், அவ்வளவுதான், விசில் பறக்கிறது, பின்வரிசையில் யாரோ 'ஒம்போது' என்று கத்துவதுகூடக் கேட்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அப்பா வந்து 'ஊரு என்ன சொல்லும்' என்று புலம்பும்போது கூட்டம் ஏற்கெனவே அவர் பக்கம் சேர்ந்துவிட்டது. பார்த்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். எதற்குச் சிரிக்கக் கொடுத்தீர்களோ அதற்குத்தான் சிரித்தார்கள்.

2009 ஜூலையில் வந்த 'புரூனோ' படத்தைப் பற்றியும் இதே சண்டை நடந்தது. நடிகர் சாஷா பாரன் கோஹன், புரூனோ என்ற தன்பாலீர்ப்பாளரான ஆஸ்திரிய ஃபேஷன் செய்தியாளராக வேஷம் கட்டி, அமெரிக்காவில் நிஜ மனிதர்களிடம் போய் அவர்கள் மனதிலிருக்கும் வெறுப்பை வெளியே இழுக்கப் பார்த்தார். வெறுப்பவர்களைத்தான் கேலி செய்கிறோம் என்று ஒரு தரப்பு சொன்னது, ஊடகங்களில் தன்பாலீர்ப்பாளர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கவனிக்கும் கிளாட் அமைப்பு அதை ஏற்கவில்லை. எனக்கு அதில் இரண்டு காட்சிகள் முக்கியம். ஒன்றில் அரசியல்வாதி ரான் பாலை ஓட்டல் அறைக்கு வரவழைத்து, புரூனோ பேன்ட்டைக் கழற்றுகிறார். ரான் பால் கோபமாக வெளியேறுகிறார். போகும்போது அவர் வாயில் வந்த வசை தப்புதான், ஆனால் முன்பின் தெரியாத ஆள் அப்படி நின்றால் யார்தான் எழுந்து போகமாட்டார்கள்? 'இவங்க எல்லாருமே இப்படித்தான் மேல விழுவாங்க' என்ற பழைய பயத்துக்கு அது தீனி போட்டது, வேறொன்றும் செய்யவில்லை. இன்னொன்று கடைசியில். ஆர்கன்சாஸில் கூண்டுச் சண்டை பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் புரூனோவும் இன்னொரு ஆணும் சண்டையை விட்டுவிட்டு முத்தமிட்டுக்கொள்கிறார்கள், கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் வீசுகிறது. அங்கே நெளிந்த நடைக்கும் கொஞ்சல் குரலுக்கும் வேலையே இல்லை, கூட்டத்தின் முகம் மட்டும் தெரிகிறது. ஒரே படம், ஒரே நடிகர்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆண்கள்தான் சேலை கட்டித் திரௌபதியாக ஆடுவார்கள். துகிலுரியும் காட்சியில் ஊரே கற்பூரம் ஏற்றும். ஆண் தோளில் துணி கிடந்தால் தானாகச் சிரிப்பு வந்துவிடாது தம்பி, சினிமா காமெடி டிராக்குகள் பல வருஷமாக நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. நீங்கள் அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி நின்று கைத்தட்டல் வாங்கிவிட்டீர்கள்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம், அந்த டாக்டரை நீங்கள் வீணடித்ததுதான். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறார். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பைக் 'குணப்படுத்துகிறேன்' என்று செய்யும் வைத்தியத்துக்குத் தடை சொன்னார். தனக்கே இந்த விஷயம் சரியாகப் பிடிபட வேண்டும் என்று உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது தொழில்முறைக் குற்றம் என்றது. இல்லாத நோய்க்கு மருந்து எழுதி ஃபீஸ் வாங்குகிற ஆளை மேடையில் வைத்துக்கொண்டு, நீங்கள் பையனின் இடுப்பைக் காட்டியிருக்கிறீர்கள்.

அப்பாவையும் கவனியுங்கள். கொலுசுப் பட்டறைக்காரர். நாள் முழுக்கப் பெண்கள் காலுக்குப் போகும் கொலுசைக் காதருகே ஆட்டி, சலங்கை சரியாகப் பேசுகிறதா என்று கேட்கிறவர். அந்த மனிதர் கொலுசை ஆட்டிக்கொண்டே மகனைப் பார்த்து 'ஆம்பளையா நட' என்று சொல்லட்டும். மகன் சும்மா எதிரே உட்கார்ந்து பற்றவைப்பு வேலை பார்க்கட்டும், ஏற்காடு போக பைக் சாவி கேட்கட்டும், யாரையோ நினைத்து போனைப் பார்க்கட்டும். அவனும் ஜோக் அடிக்கட்டும், டாக்டரைப் பற்றி. பெண்மை கலந்த நடையுள்ள பையன் மேடைக்கு வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படி நடப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் வரட்டும். ஆனால் அந்த நடைக்கு மேல் அவனுக்குப் பேச ஏதாவது கொடுங்கள்.

அதெல்லாம் அப்புறம். முதலில் அந்த முதலாமாண்டுத் தம்பியைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். அவன் யார், எப்படி என்று எதையும் விசாரிக்காதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. மெஸ்ஸில் அடுத்த தடவை யாராவது அந்தப் பெயரைச் சொன்னால், எழுதியவன் நான்தான், நிறுத்துங்கடா என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். வீடியோவைக் கல்லூரிப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மாற்றி எழுதினால் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.