ஈயக் குண்டில் பவுடர் கோட்டிங் உரியுதுன்னு கேட்டவருக்கு

வணக்கம். தூண்டிலுக்கு வீட்டிலேயே வார்த்த ஈயக் குண்டுல பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைப் பூசி ஓவன்ல சுட்டெடுக்கிற பூச்சு) ஒரே வாரத்துல தோலா உரியுதுன்னு எழுதியிருந்தீங்க. செம்பூர், அதுவும் ஜூலை மாசம். எனக்கு முதல் சந்தேகம் ஈரம்தான். மும்பை மழையில திறந்து வெச்ச பவுடர் கட்டி தட்டிடும். டப்பாவுல போட்டு எவ்வளவு குலுக்கினாலும் குண்டுல சீரா ஒட்டாது. சிலிக்கா ஜெல் பை போட்டு இறுக்கி மூடி வையுங்க.

அடுத்தது சூடு. 200 டிகிரியில 10 நிமிஷம்னு பவுடர்காரங்க சொன்னா, அது உலோகமே அந்தச் சூட்டை எட்டின பிறகு எண்ண வேண்டிய 10 நிமிஷம். பெரிய குண்டு மெதுவாத்தான் சூடேறும். ஓவன் டயலை நம்பாம உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்க. சூடு எகிறிட்டா ஆபத்து, ஈயம் 327 டிகிரியில உருகிடும். ஆறினதும் ஒரு குண்டைச் சுத்தியலால நசுக்கிப் பாருங்க. பூச்சும் கூடவே நசுங்கினா நல்லா வெந்திருக்கு. செதில் செதிலா உதிர்ந்தா வேகல, இல்லன்னா எண்ணெய்ப் பிசுக்கு. அசிட்டோன்ல கழுவி, முழுசா உலர்த்தி, வெறும் விரல் படாம பூசுங்க.

சமையல் ஓவன்லயே செய்றதா சொன்னீங்களே, அதைப் படிச்சதும் பதறிப்போச்சு. கைக்குழந்தை இருக்கிற வீடு. ஈயம் குழந்தைங்க மூளையைப் பாதிக்கும். அந்த ஓவன்ல இனிமே சாப்பாடு வைக்காதீங்க, தயவுசெஞ்சு.