ஷார்ட்வேவ் ரேடியோவுக்கு ஆன்டெனா நீளமாக இருந்தால் ஸ்டேஷன் நன்றாக எடுக்குமா?

ஓரளவுக்கு எடுக்கும், அதற்கு மேல் ஒயரை நீட்டினால் இரைச்சலும் சேர்ந்துதான் கூடும். நூறடி ஒயர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அநேகமாக வீட்டுக்குள் வைத்துக் கேட்கிறவராக இருப்பீர்கள், காசு போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை பக்கம். 2017-இல் பிபிசி தமிழோசை சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பை நிறுத்தும்வரை அப்பா விடாமல் கேட்டவர், இன்றைக்கும் ராத்திரி 49 மீட்டர் அலைவரிசையில் எதையாவது தேடிக்கொண்டிருப்பார். பெரியப்பா தோட்டத்தில் யானைக்கு சோலார் மின்வேலி போட்டதிலிருந்து, அது விட்டுவிட்டுப் பாய்ச்சும் மின்துடிப்பால் ரேடியோவில் நொடிக்கொரு தரம் 'டக், டக்'. கடைக்காரர் இன்னும் நீளமாகக் கட்டச் சொன்னார், அப்பா கூரையைச் சுற்றி ஒயர் ஓட்டினார். டக்டக் இன்னும் பலமாகக் கேட்டது, அதோடு ஒரு ஸ்டேஷனே முள்ளில் தன் இடம் அல்லாத இடங்களிலும் வந்து பேசியது, சின்ன செட் அவ்வளவு சிக்னலைத் தாங்காது.

நான் முப்பதடியை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டையும் வேலியையும் விட்டுத் தள்ளி புளியமரத்துக்கும் ஒரு மூங்கிலுக்கும் நடுவே கட்டினேன். டிவி கேபிளின் நடுக்கம்பியை அதில் சேர்த்து, வெளிப்பின்னலை மரத்தடியிலேயே இரும்புக் கம்பி அடித்து எர்த் பண்ணி, கேபிளை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். வேலியில் கொடி உரசிப் பொறி தெறித்த இடங்களையும் பெரியப்பா வெட்டிவிட்டார். பேச்சு தெளிவாக வந்துவிட்டது.

அப்பா கேட்கும் 49 மீட்டர் என்பது சுமார் 6 மெகாஹெர்ட்ஸ், அதற்கு அலைநீளம் 50 மீட்டர், அதில் பாதி நீளத்துக்கு அரை அலை ஆன்டெனா கட்டினால் சுமார் 80 அடி, அந்தக் கணக்கு சரிதான். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசி அனுப்பும் ஹாம்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அனுப்புவதற்கு அலைநீளத்தோடு அந்தப் பொருத்தம் அவசியம், நான் கேட்பதை மட்டும் சொல்கிறேன். அந்த அலைவரிசைகளில் எங்கோ வெட்டும் மின்னலும் வீட்டு எல்இடி பல்பும் சார்ஜரும் போடும் இரைச்சல் செட்டின் சொந்த இரைச்சலைவிட அதிகம். சந்தையில் காதருகே கை குவித்த மாதிரி, பேச்சோடு கூச்சலும் ஏறும். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து ஆன்டெனாவைச் செருகிப் பாருங்கள். 'உஸ்' நன்றாகக் கூடினால் நீளம் போதும், இனி இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பெரியப்பா மேல் எனக்கு வருத்தம் இல்லை. ராகி அறுப்பு நேரத்தில் யானை இறங்கினால் அவர் வேறென்ன செய்வார்? மிதிபட்ட பயிருக்கு நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த மனு எந்த மேஜையில் கிடக்கிறதோ, போய்க் கேட்டால் அடுத்த வாரம் வா என்கிறார்கள்.

சரி, இடி வரும்போல் இருந்தால் அதற்கு முன்பே ஆன்டெனாவைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள், அது முப்பதடியானாலும்.