எதிரிப் படைவீரனைப் பணம் கொடுத்து இழுக்கலாமா?

கேள்வி: "எதிரிப் படையினரைப் பணம் கொடுத்துத் தன் பக்கம் இழுப்பது அறமே என்ற தலைப்பை ஆதரித்து விவாத மேடையில் பேச வேண்டும். ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் எதிரி குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றுகிறது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது. சட்டம் இதைத் தடுக்கிறதா? எதை வைத்து எடைபோடுவது?"

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். எதிரி வீரனைப் பணம் காட்டிக் கூப்பிடுவதைப் போர்ச் சட்டம் தடுக்கவில்லை. அது தடுப்பது கட்டாயத்தை. எதிரி நாட்டவரை அவர்களுடைய சொந்த நாட்டுக்கு எதிராகப் போரிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன 1907 ஹேக் விதிகள். போர்க்கைதியை அப்படி நெருக்கித் தன் படையில் சேர்ப்பது 1949 மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின்படி கடும் மீறல். நான்காம் உடன்படிக்கையின் 51-ஆம் பிரிவு ஒரு படி மேலே போகிறது. ஆக்கிரமித்த பகுதி மக்களைத் தாமாக முன்வந்து படையில் சேரும்படி பிரசாரம் செய்வதற்கும் அங்கே தடை. பிடியில் இருப்பவன் சொல்லும் 'சரி'யை நம்ப முடியாது என்பதுதான் காரணம். சம்பளம் வராமல், பசியோடு பதுங்குகுழியில் கிடக்கும் கட்டாயச் சிப்பாய்க்கு நோட்டுக் கற்றையை நீட்டும்போதும் இந்தக் கேள்வி பாதியாவது பொருந்தும்.

அப்புறம், உங்கள் உறுத்தல். அது நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலோர் அதைப் பணத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். சம்பளம் வாங்காத ராணுவம் எது? பணம் எதை வாங்குகிறது என்று பாருங்கள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்பது ஒன்று. டாங்கியை ஓட்டிக்கொண்டு வா என்பது இன்னொன்று. நேற்றுவரை பக்கத்தில் படுத்துத் தூங்கியவனைச் சுடு என்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே தலைப்பின்கீழ் வக்காலத்து வாங்கினால் எதிரணி உங்களை மூன்றாவதில் மடக்கிவிடும்.

மூன்றில் நடுவில் உள்ள, டாங்கியை ஓட்டிக்கொண்டு வரச் சொல்வதுகூட அவ்வளவு சுத்தமானது இல்லை. 2022-இல் உக்ரைன் நாடாளுமன்றம் இதற்கு விலைப்பட்டியலே போட்டது: போர் விமானத்துக்கு 10 லட்சம் டாலர், ஹெலிகாப்டருக்கு 5 லட்சம், டாங்கிக்கு 1 லட்சம். 2023 ஆகஸ்டில் மாக்சிம் குஸ்மினோவ் என்ற ரஷ்ய விமானி தன் எம்ஐ-8 ஹெலிகாப்டரை உக்ரைன் மண்ணில் கொண்டுவந்து இறக்கினார். தன் உயிரை மட்டும் அவர் பணயம் வைத்திருந்தால் பேச்சே இல்லை. ஆனால் கூட வந்த இருவருக்கு எங்கே போகிறோம் என்பதே தெரியாது. இறங்கியபின் தப்ப முயன்றபோது அவர்கள் கொல்லப்பட்டதாக உக்ரைன் தரப்பு சொன்னது. 2024 பிப்ரவரியில் ஸ்பெயினில் குஸ்மினோவும் சுட்டுக் கொல்லப்பட்டார். சண்டையில் இதைவிடப் பலர் செத்திருக்கலாம் என்று நீங்கள் வாதிடலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 'ரத்தம் சிந்தாத வழி' என்று மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள்.

பணத்தின் சக்தியையும் மிகைப்படுத்த வேண்டாம். கொரியப் போரில், 1953 ஏப்ரலில், சோவியத் தயாரிப்பான மிக்-15 போர் விமானத்தோடு வரும் முதல் விமானிக்கு 1 லட்சம் டாலர் என்று அமெரிக்கத் தரப்பு அறிவித்துத் துண்டறிக்கைகளை வீசியது. போர் ஓய்ந்து இரண்டு மாதம் ஆனபின், செப்டம்பர் 21 அன்று, நோ கும்-சோக் என்ற வடகொரிய விமானி தென்கொரியாவின் கிம்போ விமானத் தளத்தில் வந்து இறங்கினார். பரிசு இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். அதிபர் ஐசனோவருக்கு இப்படிக் காசு கொடுப்பதே பிடிக்கவில்லை.

அந்தச் சங்கடம் பழையது. தானாக வருபவனை ஏற்பது வேறு, ஆசை காட்டித் துரோகியாக்குவது வேறு என்று 1758-இலேயே பிரித்துப் பேசினார் சுவிஸ் சட்ட அறிஞர் வாட்டெல். பின்னது மனசாட்சிக்கு ஒத்துவராது என்பது அவர் எண்ணம். ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1795-இல் இன்னும் கறாராக, எதிரி நாட்டில் துரோகத்தைத் தூண்டுவதைக் கொலையாளிகளை ஏவுவதோடும் விஷம் வைப்பதோடும் ஒரே வரிசையில் வைத்தார். பின்னால் சமாதானம் பேச வேண்டிய இருவருக்கிடையே நம்பிக்கையே மிஞ்சாது என்பது அவர் வாதம். எதிரணி இதைத்தான் எடுக்கும். இரண்டு அரசுகள் மோதும் போரில் இது வலுவான வாதம் என்றே நானும் நினைக்கிறேன். உள்நாட்டுப் போரில் அந்த வலு குறைகிறது. அங்கே எப்படியும் அதே ஆட்களோடுதான் அதே ஊரில் வாழ்ந்தாக வேண்டும். மன்னிப்பும், பிழைக்க ஒரு வழியும் கொடுத்து ஊருக்கு அனுப்புவது சமாதானத்தின் ஒரு பகுதியே.

என் பார்வையில் இதில் நடக்கும் பெரிய அநியாயம் பணம் கைமாறிய பிறகு வருகிறது. வாங்கியவனைத்தான் உலகம் துரோகி என்று திட்டும். கொடுத்தவன் செய்யும் துரோகம் கணக்கில் வருவதில்லை. 1757-இல் பிளாசிப் போருக்கு முன், வங்காள நவாபின் தளபதி மீர் ஜாபரைத் தங்கள் பக்கம் இழுக்க ஆங்கிலேயர் நடத்திய பேரத்தில் இடையில் நின்றவர் ஓமிசந்த் என்ற வணிகர். தன் பங்கு எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் ரகசியம் வெளியே போகும் என்று மிரட்டினார். கிளைவ் இரண்டு ஒப்பந்தங்கள் தயாரித்தார். வெள்ளைத் தாளில் உண்மையானது, சிவப்புத் தாளில் போலி. போலியில் கையெழுத்திட அட்மிரல் வாட்சன் மறுத்தபோது, அவருடைய கையெழுத்தையும் போலியாகப் போட்டார்கள். போர் முடிந்ததும் ஓமிசந்துக்குக் கிடைத்தது, அந்தச் சிவப்புத் தாள் செல்லாது என்ற தகவல் மட்டும். 1773-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேட்டபோதும் கிளைவ் இதற்காக வெட்கப்படவில்லை.

ஈராக்கில் மோசடி இல்லாமலே இது நடந்தது. 2006 முதல் அன்பார் மாகாணத்தில் சுன்னிக் குழுக்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பின. அவர்களில் முன்பு அமெரிக்கர்களைச் சுட்டவர்களும் உண்டு. ஆளுக்கு மாதம் சுமார் 300 டாலர் கொடுத்தது அமெரிக்கா. உச்சத்தில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் சோதனைச் சாவடிகளில் காவல் நின்றார்கள். 2008 அக்டோபரிலிருந்து இந்தச் செலவு படிப்படியாக பாக்தாத் அரசின் கைக்குப் போனது. ஐந்தில் ஒருவரைப் பாதுகாப்புப் படையில் எடுப்போம், மற்றவர்களுக்கு வேறு வேலை என்பது வாக்குறுதி. சம்பளம் தள்ளிப்போனது, வேலை பலருக்கு வரவில்லை. அல்-காய்தாவில் இருந்த பழைய கூட்டாளிகளுக்கோ இவர்கள் முகம், வீடு, சொந்தபந்தம் எல்லாம் தெரியும். பலர் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள். தென் வியட்நாமில் கம்யூனிஸ்ட் போராளிகளைத் தன் பக்கம் வரவழைக்க அந்நாட்டு அரசு 1963-இல் தொடங்கிய சியூ ஹோய் திட்டத்தில் லட்சம் பேருக்குமேல் சரணடைந்ததாகக் கணக்கு. வாக்குக் கொடுத்த அரசே 1975-இல் இல்லாமல் போயிற்று.

ஆகவே எடைபோட என்னிடம் உள்ள முதல் கேள்வி இதுதான்: பணம் நின்ற மறுநாள் அந்த ஆள் எங்கே இருப்பான், அவன் குடும்பம் எந்தப் பக்கம் இருக்கும்? இதற்குப் பதில் தயாராக இல்லாத அரசு ஆசை காட்டக் கூடாது. இரண்டாவது, துப்பாக்கி தூக்காமலே இருந்த பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன கிடைக்கிறது? ஆயுதம் வைத்திருந்தவனுக்கு மட்டும் பணம் என்றால், அடுத்த தவணை வாங்குவதற்காகவே சிலர் ஆயுதம் தூக்குவார்கள்.

மேடையில் தலைப்பை அப்படியே தோளில் சுமக்க வேண்டாம். 'ஆயுதத்தைக் கீழே வைப்பவருக்குப் பணமும் பாதுகாப்பும் தருவது அறமே' என்று ஆரம்பத்திலேயே எல்லை கட்டிக்கொள்ளுங்கள். பழைய தோழனைச் சுடச் சொல்லிக் கொடுக்கும் கூலிக்கு நான் வக்கீல் இல்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், எதிரணி தயாரித்து வந்ததில் பாதி வீணாகிவிடும்.