மச்சான் படகுக்கு மூன்று வட்டி, மகள் படிப்புக்கு என்ன வழி?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் முண்டு மிளகாய் போடுகிறேன். மகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரம் முதுநிலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு விடுதியோடு இரண்டரை லட்சம் ஆகும் போலிருக்கிறது. மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் மச்சானுக்காக, மூன்று வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கிக் கொடுத்தேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வருடா வருடம் இதே கதைதான். அசலை மெதுவாகத் தருவார். வட்டி என் தலையில். கல்விக் கடன் என்றாலே பயம். மாதம் 5,000 யூலிப்பில், அதாவது சந்தை முதலீடும் சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்தில், போடச் சொல்கிறார் ஏஜென்ட். மனைவி நகை கொஞ்சம் வீட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கல்விக் கடனுக்குப் பயப்படும் நீங்கள் மூன்று வட்டியைப் பழகிப்போன செலவாக எடுத்துக்கொண்டீர்களே, அதுதான் எனக்குக் கவலை.

ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500. வருடத்துக்கு 54,000. இரண்டு வருடம் இப்படியே போனால் 1,08,000. மகளின் படிப்புச் செலவில் ஏறக்குறைய பாதி.

கல்விக் கடனைப் பாருங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், முழுத் தொகைக்கும் வருடம் 25,000. பணம் பருவம் பருவமாகத்தான் வருமென்பதால் ஆரம்பத்தில் இன்னும் குறைவு. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. அதுவரை வட்டியை மட்டும் கட்டி வந்தால், பிறகு ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 5,300. இதில் அசலும் சேர்த்தி. அரசு வங்கிகளின் வேளாண் கள அலுவலர் வேலை, நபார்டு தேர்வு எல்லாம் அவள் படிப்புக்கு ஏற்றவை. அந்தத் தவணையை அவளே கட்டுவாள்.

மூன்று வட்டியை இந்த மாதமே முடியுங்கள். நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்தால், 10 சதவீதம் என்றாலும் வருடம் 15,000தான். மாசி, பங்குனியில் மிளகாய்ப் பணம் வந்ததும் நகையைத் திருப்பிவிடுங்கள்.

மச்சான் விஷயம் கஷ்டம்தான், தெரிகிறது. ஆனால் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வருடா வருடம் தேதி தெரிந்தே வருகிறது. படகு பழுதுபார்க்கும் செலவை அவர் சீசனிலேயே எடுத்து வைக்க வேண்டும். டீசல், ஐஸ் செலவுக்கு அவர் பெயரிலேயே கிசான் கடன் அட்டை கேட்கட்டும்; 2018-19 முதல் மீனவர்களுக்கும் அது உண்டு. உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உடன்பிறந்தவள் சொன்னால் எடுபடும். உறவு முறியாது, உங்கள் பெயரில் கடன் வாங்கும் பழக்கம்தான் நிற்கும்.

யூலிப் வேண்டவே வேண்டாம். ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது. மகள் இரண்டு வருடத்தில் படிப்பை முடித்துவிடுவாள். 36 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு சந்தையில் பணம் போடச் சொல்பவர் உங்கள் கணக்கைப் பார்க்கவில்லை, தன் கமிஷனைப் பார்க்கிறார்.

சேர்க்கை ஆணை, கட்டண விவரம், வருமானச் சான்றிதழ் மூன்றையும் வைத்துக்கொண்டு கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், வட்டி மானியம் கிடைக்குமா என்று மேலாளரிடம் கேளுங்கள். வங்கி உங்கள் சிபிலையும், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் மதிப்பெண்ணையும், பார்க்கும். பழைய பயிர்க்கடன் பாக்கி இருந்தால் முதலில் அதை நேர் செய்துவிட்டுப் போங்கள்.