சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: எந்த ஷாக் அப்சார்பர்?

கேள்வி: தினமும் வேலைக்கு ஓட்டும் ஹேட்ச்பேக்கையே ஆண்டுக்கு ஐந்தாறு முறை டிராக்கிலும் ஓட்டுகிறேன். கம்பெனி ஷாக் அப்சார்பர் சில சுற்றுகளிலேயே தளர்ந்துவிடுகிறது. 30 கிளிக் காயிலோவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வருவது, ஷாக்கின் விசையைத் திருகால் 30 படிகளில் மாற்றலாம்) வாங்கலாமா? தாழ்த்தும் ஸ்பிரிங்கோடு நல்ல ஷாக் மட்டும் போட்டால் போதுமா?

பதில்: உங்கள் உபயோகத்துக்கு இரண்டாவதே போதும். ஆனால் முதலில் ஸ்பிரிங்கை முடிவு செய்யுங்கள்; ஷாக்கை அதற்குப் பொருத்தமாகத் தேடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துதான் பணத்தை வீணாக்குகிறார்கள்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது என்ன வேகத்தில் அமுங்க வேண்டும், என்ன வேகத்தில் விரிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது ஷாக். ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ நிற்கிறது, அந்தச் சக்கரத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீ.க்கு 30 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். காரின் அந்த மூலை நொடிக்குச் சுமார் 1.6 முறை மேலும் கீழும் ஊசலாடும். 50 நியூட்டன் ஆக்கினால் 2 முறையைத் தாண்டும். பாதி சாலை, பாதி டிராக் என்று ஓடும் காருக்கு 1.6 முதல் 2 வரை நல்லது. அதற்கு மேலே போனால் மேடுபள்ளச் சாலையில் டயர் தரையை விட்டுத் துள்ளும். பிடிப்பும் போகும், முதுகும் வலிக்கும்.

30-ஐ 50 ஆக்கும்போது ஷாக்கின் தடுப்பு விசையும் ஏறத்தாழ 30 சதவீதம் கூட வேண்டும். கம்பெனி ஷாக்கில் அந்த அளவு கிடையாது. அதன் மேல் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் முதலில் கைவிடுவது ரீபவுண்ட்தான், அதாவது விரியும்போது பிடித்து நிறுத்தும் விசை. ஒரு மேட்டைக் கடந்த பிறகும் பாடி இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டிருந்தால் இதுதான் காரணம்.

சில சுற்றுகளில் தளர்வதற்குக் காரணம் சூடு. ட்வின் டியூப் (குழாய்க்குள் குழாய் உள்ள) ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையைப் பகிர்வதால் கடும் உழைப்பில் எண்ணெய் நுரைத்துவிடும்; நுரைக்குத் தடுக்கும் சக்தி இல்லை. ஒற்றைக் குழாயான மோனோ டியூப்பில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. சுவரும் ஒன்றே என்பதால் சூடு நேராக வெளிக்காற்றுக்குப் போகிறது. உங்களுக்கு மோனோ டியூப்தான் சரி. ஒரே எச்சரிக்கை: கல் பட்டு உடல் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் உரசும் அல்லது சிக்கும், சர்வீஸின்போது தடவிப் பாருங்கள்.

காரை எவ்வளவு தாழ்த்துவது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கம்பெனி நீளமுள்ள ஷாக்கோடு தாழ்த்தினால், அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்து, கார்னரிலேயே பம்ப் ஸ்டாப்பில் (அமுக்கத்தின் கடைசியில் தாங்கும் ரப்பர் கட்டை) உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் விறைப்பு பல மடங்கு ஏறி, டயர் சட்டென வழுக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: பிஸ்டன் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கி, ஷாக்கின் உடலை ஒட்டி இறக்கி வையுங்கள். டிராக்கில் ஓட்டி வந்து பார்த்தால், அது ராடில் எங்கே நிற்கிறதோ அதுவரை அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பை நன்றாக நசுக்கும் இடம்வரை போயிருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள். தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கென்றே நீளம் குறைத்துச் செய்த ஷாக்கை வாங்குவதும் இதற்காகத்தான். பில்ஸ்டைன் பிராண்ட் ஷாக்குகளில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய காருக்கு.

காயிலோவர் தேவைப்படுவது, நான்கு சக்கரங்களிலும் விழும் எடையைச் சரிசெய்ய அல்லது ஸ்பிரிங் விறைப்பை நீங்களே தேர்ந்தெடுக்க விரும்பினால் மட்டும். வாங்குவதானால் விற்பவரிடம் விசை-வேக வரைபடம் (ஷாக் எந்த வேகத்தில் அசையும்போது எவ்வளவு விசை தருகிறது என்று காட்டுவது) கேளுங்கள். மலிவான செட்களில் முதல் சில கிளிக்குகளில் எல்லா மாற்றமும் முடிந்து, மீதிக் கிளிக்குகள் வெறுமனே சுழல்வது சகஜம். இடது, வலது ஷாக்குகள் ஒரே கிளிக்கில் வெவ்வேறு விசை தருவதும் உண்டு. இப்படிப்பட்ட 30 கிளிக்கைவிடத் திருகே இல்லாத நல்ல ஷாக் எவ்வளவோ மேல். ஒரே திருகு போதும் என்பவர்களுக்குக் கோனி ஸ்போர்ட் மாதிரி ரீபவுண்டை மட்டும் மாற்றக்கூடிய ஷாக்கும் பயன்படும்.

திருகு இருந்தால், முழுக்க மூடிய நிலையிலிருந்து கிளிக்குகளை எண்ணிக் குறித்து வையுங்கள். மூடும்போது அழுத்தித் திருகாதீர்கள், உள்ளே ஊசி கெடும். டயர் காற்றைச் சரிபார்த்த பிறகே ஷாக்கைத் தொடுங்கள். ஒரு தடவைக்கு முன் அச்சு அல்லது பின் அச்சில் மட்டும், இரண்டு கிளிக். ரீபவுண்ட் மிகையானால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் விரிய நேரமின்றிக் கார் படிப்படியாகத் தாழ்ந்து உட்காரும். அப்போது இரண்டு கிளிக் திறங்கள்.

பொருத்தும்போது பம்ப் ஸ்டாப், டாப் மவுன்ட் (ஷாக்கின் மேல் முனையைப் பாடியோடு இணைப்பது), பேரிங் மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். ராடைப் பிளேயரால் பிடிக்க வேண்டாம். ஒரு கீறல் போதும், சீல் ஒழுகத் தொடங்கிவிடும். மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன்னும் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது முறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். சில நாள் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு உயரத்தை மறுபடி அளந்து, அதற்குப் பிறகே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.