கேள்வி பதில்: பம் செய்கிற கம்பெனியில் காசு போடலாமா?

கேள்வி: எனது மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு (ஆஸ்துமா). அறுவடைக் காலத்தில் நெல்லுத் தூசி பட்டால் இரவிரவாக இழுக்கும். கிளினிக்கில் தந்த, வாயில் வைத்து அடிக்கிற நீலப் பம்தான் அவனைக் காப்பாற்றுகிறது. நெல் விற்ற காசும் சீட்டுக் காசுமாக 6 இலட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. முட்டுக்காரர் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அந்த மருந்துக் கம்பெனிப் பங்கை வாங்கினால் நட்டப்பட வழியே இல்லை என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். தன் பெயரிலேயே வாங்கி வைக்கிறானாம். மகள் அடுத்த வருஷம் பல்கலைக்கழகம் போகவேண்டும். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: அக்கா, மகளின் படிப்புக் காசை இதில் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், தம்பிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மருந்து நல்லதாக இருப்பது வேறு, அந்த மருந்தால் கம்பெனிக்கு லாபம் வருவது வேறு. நீலப் பம்மில் இருப்பது சல்பியூட்டமோல். வென்ரொலின் என்ற பெயரில் 1969 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் காப்புரிமை, அதாவது அந்தக் கம்பெனி மட்டும் செய்து விற்கும் உரிமை, எப்போதோ முடிந்துவிட்டது, இன்றைக்கு இந்தியாவில் மட்டும் எத்தனையோ கம்பெனிகள் அதைச் செய்கின்றன, யார் குறைந்த விலைக்குத் தருகிறார்களோ அவர்களிடம்தான் அரசாங்கங்கள் வாங்கும். நமக்கு அது நல்லது, பிள்ளைக்கு மருந்து மலிவாகக் கிடைக்கிறது. பங்கு வாங்குகிறவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

காப்புரிமை முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மேர்க் கம்பெனியின் சிங்குலேயர் என்ற முட்டு மாத்திரையைப் பாருங்கள். 2011 இல் அது கிட்டத்தட்ட 550 கோடி டாலருக்கு விற்றது. 2012 ஓகஸ்டில் அமெரிக்காவில் காப்புரிமை முடிந்தது, மற்றக் கம்பெனிகள் மலிவாகச் செய்து இறக்க, விற்பனை அப்படியே சரிந்தது. அதற்காக முட்டுக்காரர் குறைந்துவிடவில்லை, அதே மருந்தைத்தான் சாப்பிட்டார்கள், காசு மட்டும் வேறு இடத்துக்குப் போனது.

இப்போது பெரிய லாபம் ஊசி மருந்துகளில்தான். கிளாக்ஸோவின் நியுகாலா (2015), அஸ்ட்ராசெனெக்காவின் ஃபசென்ரா (2017), சனோபியும் ரீஜெனரோனும் சேர்ந்து விற்கிற டுபிக்சென்ட். எல்லாம் கடுமையான முட்டுக்கு, பணக்கார நாடுகளின் காப்புறுதிக் காசை நம்பி விற்கப்படுபவை. டுபிக்சென்ட் 2024 இல் மட்டும் 1,300 கோடி யூரோவுக்கு விற்றது, ஆனால் முட்டுக்கு மட்டும் இல்லை, முதலில் தோல் கரப்பனுக்குத்தான் அனுமதி கிடைத்தது. உங்கள் மகனின் பம்முக்கும் இந்த வியாபாரத்துக்கும் தொடர்பே இல்லை. அந்தக் கம்பெனிகளும் புற்றுநோய் மருந்து, தடுப்பூசி என்று எத்தனையோ விற்பதால், அவற்றின் பங்கை வாங்குகிறவர் முட்டு மருந்தை மட்டும் வாங்கவில்லை.

சோதனைக் கட்டத்தில் இருக்கிற மருந்தை நம்பிச் சின்னக் கம்பெனியில் போடுவது இன்னும் பயம். நொவார்ட்டிஸ் கம்பெனி பெரிதாக எதிர்பார்த்த ஃபெவிபிப்ரான்ற் என்ற முட்டு மாத்திரை 2019 கடைசியில் இறுதிச் சோதனையில் தோற்றது. நொவார்ட்டிஸ் பெரியது, தாங்கியது. அந்த ஒரு மருந்தை மட்டும் வைத்திருக்கிற கம்பெனி என்றால் பங்கு ஒரே நாளில் பாதிக்குக் கீழே போய்விடும். ரோஷ் கம்பெனியின் லெப்ரிகிசுமாப் என்ற ஊசி மருந்தும் 2016 இல் முட்டுச் சோதனையில் சறுக்கியது, ரோஷ் அதைக் கைமாற்றிவிட்டது. அதே மருந்து கரப்பனுக்கென்று 2024 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, எலை லில்லி கம்பெனி விற்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லப் படித்த டொக்டர்களாலேயே முடியவில்லை.

தம்பி பெயரில் வாங்கினால் சட்டப்படி அது தம்பியின் சொத்து. அவருக்கு ஏதும் ஆகிவிட்டால் நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? லாபத்துக்கு அவர்தான் கனடாவில் வரி கட்டவேண்டும். தம்பி நல்லவர்தான், ஆனாலும் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் செய்யாதீர்கள். இங்கிருந்து காசை வெளியே அனுப்புவதற்கும் மத்திய வங்கியின் கட்டுப்பாடுகள் உண்டு, முதலில் வங்கியில் கேளுங்கள்.

அடுத்த வருஷம் தேவைப்படும் காசு நிலையான வைப்பில் இருக்கட்டும். உரிமம் உள்ள வங்கி என்றால் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, உங்கள் 6 இலட்சம் அதற்குள் அடங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இழுக்கும்போது நீலப் பம்மை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் போதாது, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்கிற மருந்தும் வேண்டும் என்றுதான் 2019 இலிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டல் சொல்கிறது. அழற்சியைத் தணிக்கிற பழுப்புப் பம் தந்திருந்தால், இழுப்பு இல்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். தரவில்லை என்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: கொழும்புப் பங்குச் சந்தையில் மருந்துக் கம்பெனி இருக்கிறதா? மாதம் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறேன்.
– ஒரு ஆசிரியர், மாங்குளம்

பதில்: இருக்கிறது சேர். ஹேமாஸ், சன்ஷைன் ஹோல்டிங்ஸ் இரண்டும் மருந்து வியாபாரம் செய்கின்றன, ஆனால் சவர்க்காரம், தேயிலை என்று வேறு வியாபாரங்களும் சேர்ந்தே இருக்கும். இறக்குமதி மருந்துக்கு டொலர் வேண்டும், விலைக் கட்டுப்பாடு அரசாங்கத்தின் கையில். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை நாமெல்லாம் அனுபவித்தோம், அந்த மாதிரி நேரத்தில் இறக்குமதி செய்கிறவருக்கு விலையைக் கூட்ட உடனே அனுமதி கிடைக்கும் என்றும் இல்லை. அவசரத்துக்குத் தேவைப்படாத காசு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். மாங்குளத்திலிருந்தே போனில் கணக்குத் திறக்கலாம்.

கேள்வி: புது முட்டு மருந்துக் கம்பெனி, ஒரு மாதத்தில் காசு இரட்டிப்பு என்று டெலிகிராம் குழுவில் சொல்கிறார்கள். ஆள் சேர்த்தால் கொமிஷனும் உண்டாம்.
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: தம்பி, உடனே வெளியே வாருங்கள். ஆள் சேர்க்கச் சொல்லும் பிரமிட் திட்டம் வங்கிச் சட்டப்படி குற்றம், காசு போட்டவரே ஆள் சேர்த்தால் அவரும் மாட்டுவார். பங்கு வாங்குவதென்றால் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் உள்ள தரகரிடம் மட்டும் போங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீது, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் பொலிசுக்குக் கொண்டுபோங்கள்.