அண்ணன் காசுல படிக்கிறேன், அரியர் வச்சிட்டேன்... சொல்லவா வேணாமா?

கேள்வி: அக்கா, நான் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம், இன்ஜினியரிங் செகண்ட் இயர், ட்ரிபிள்இ (எலக்ட்ரிக்கல்). எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான். அப்பாவுக்கு உடம்பு முடியல, அண்ணன் ப்ளஸ் டூ முடிச்ச கையோட திருப்பூர் போயிட்டாரு, பனியன் கம்பெனில ஒன்றரை ஷிஃப்ட் பாத்துதான் என் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் காசு எல்லாம். மூணாவது செம்ல எம்3, அதான் மேத்ஸ் பேப்பர், ஃபெயிலாயிடுச்சு. வீட்ல ஆல் பாஸ்னு சொல்லிட்டேன். பக்கத்து ரூம் ஃப்ரெண்டுதான் நோட்ஸ் குடுக்குறா, எத்தன தடவ அவ கதவ தட்றதுன்னு கூச்சமா இருக்கு. எல்லார் முதுகுலயும் ஏறி உக்காந்து படிக்கிற மாதிரி இருக்குக்கா.

பதில்: மொதல்ல அண்ணன்கிட்ட சொல்லிடும்மா. இன்னிக்கே வேணாம், அவருக்கு சனிக்கிழமை சம்பளம்னா ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்திருப்பாரு, அப்ப போன் போடு. அழுதுகிட்டே ஆரம்பிக்காத, அவரு பதறிடுவாரு. "எம்3 போயிடுச்சுண்ணா, அடுத்த எக்ஸாமோட சேத்து எழுதுறேன், பொய் சொன்னது தப்பு" அவ்ளோதான். அண்ணா யூனிவர்சிட்டி கீழ இருக்கற காலேஜ்னா ஒவ்வொரு செமஸ்டர் பரீட்சையோடவும் அரியர் எழுதலாம்னு உனக்கே தெரியும், ஆனா அவருக்குத் தெரியாதுல்ல, காலேஜ விட்டு அனுப்பிடுவாங்களோன்னு பயந்துடுவாரு, அதையும் நீதான் வெளக்கணும். நிறைய கம்பெனி பிளேஸ்மென்ட்டுக்கு வர்றப்ப ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் பாஸ் பண்ணாத பேப்பர், இருக்கக்கூடாதுன்னுதான் கேப்பாங்க, எழுதி கிளியர் பண்ணிட்டா அந்த வழியெல்லாம் திறந்துதான் இருக்கும்.

ஃப்ரெண்டு விஷயம். நோட்ஸ் வாங்கறது உதவியே இல்ல, ஜெராக்ஸ் கடைக்காரர் செய்யற வேல அது (கோச்சுக்காத). அவகிட்ட, "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், எம்3ல ஒரே ஒரு யூனிட் மட்டும் சொல்லித் தர்றியா"ன்னு கேளு. மொதல்ல அந்த ஒரு யூனிட்ட நல்லா பிடி, அப்புறமா அடுத்த யூனிட். என்ன வேணும், எவ்ளோ நேரம் வேணும்னு சொல்லி கேட்டா குடுக்கறவங்களுக்கும் பாரமா தெரியாது, "ஹெல்ப் பண்ணு, ஹெல்ப் பண்ணு"ன்னா யாருக்கா இருந்தாலும் அலுத்துடும். சொல்லிக் குடுக்குறவளுக்கும் அந்தக் கணக்கு இன்னும் நல்லா ஏறும், அதனால நீ மட்டும் வாங்கிக்கறதா நெனைக்காத. லேப்ல கனெக்‌ஷன் குடுக்கறதுல நீ கெட்டிக்காரியா இருந்தா அத நீ அவளுக்கு சொல்லிக் குடு.

இப்ப காசு. உன் லெட்டர் படிச்சதும் எனக்கு மொதல்ல தோணுனதே இதுதான், அண்ணன் ஒருத்தரே ஏன் எல்லாத்தையும் சொமக்கணும்? நீ எந்த ஸ்கூல்ல படிச்சன்னு எழுதல. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா உனக்கு வரணும், அரசு உதவி பெறும் ஸ்கூல்ல தமிழ் மீடியம்னாலும் இப்ப உண்டு. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு வாங்கியிருந்தா படிப்பு ஃபீஸும் ஹாஸ்டல் ஃபீஸும் அரசே கட்டும், அப்புறம் எதுக்கு அண்ணன்கிட்ட வாங்குறாங்கன்னு ஆபீஸ்ல போய் கேளு. அது இல்ல, சாதாரண கவுன்சிலிங்லதான் வந்தேன்னா முதல் பட்டதாரி சான்றிதழ் குடுத்தாச்சான்னு பாரு, இ-சேவை மையத்துலயே அப்ளை பண்ணலாம், அதுக்கு ஃபீஸ் சலுகை உண்டு. இதெல்லாம் போக மிச்சத்துக்குத்தான் பேங்க் லோன். 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்க மாட்டாங்க, அம்மாவோ அப்பாவோ கூட கையெழுத்து போட்டா போதும், செகண்ட் இயர்லயும் மீதி வருஷத்துக்கு கேக்கலாம்.

எங்க சித்தி அவங்க காதுத் தோட்ட அடகு வச்சு என் பரீட்ச ஃபீஸ் கட்டுனாங்க, எனக்கு அது தெரிஞ்சதே பத்து வருஷம் கழிச்சுத்தான். கேட்டப்ப, "அப்ப சொல்லியிருந்தா நீ படிச்சிருப்பியா, அழுதுகிட்டுல்ல இருந்திருப்ப"ன்னாங்க. உங்க அண்ணனும் எத்தனையோ சொல்லாம இருக்காரு, பாரு. ஞாயித்துக்கிழமை பேசறப்ப அவரு சாப்ட்டாரான்னும் கேளு.

கேள்வி: என் ஃப்ரெண்டு எனக்கு பதிலா தினமும் அட்டென்டன்ஸ் சொல்லி ப்ராக்ஸி குடுக்குறான், அசைன்மென்டும் எழுதித் தர்றான். நட்புன்னா இதானே அக்கா?

பதில்: 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வரும், சரி, மாட்டுனா ரெண்டு பேரும் சேந்துதான் ஹெச்ஓடி (டிபார்ட்மென்ட் ஹெட்) ரூம் வாசல்ல நிப்பீங்க. பரீட்ச ஹால்ல அவன் வேற ரூம் தம்பி. அது போகட்டும், அவன் லீவு போடற அன்னிக்கு உனக்கு யாரு குடுப்பா?